மருதங்கட்டை விடாத சத்தம்

ஆனைப்பாலத்தில் ஒரு சத்தம் இருந்தது. இப்போது இல்லை. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மரத்திலிருந்து வந்தது. அதற்கு மேல் கேட்டால் ரம்பத்தைப் போட்டுவிடுவேன்.

கணவாயிலிருந்து இறங்கினால் முதலில் வரும் வாள்பட்டறை என்னுடையது. பெயர் பக்கீர் மைதீன். மரம் வாங்குவேன், அறுப்பேன், விற்பேன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குத்தாலிங்கத்துக்குத் தெரியும். தேவநேசன் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் அவர்தான். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எங்கே மேடை போட்டாலும், பாடுகிறவனுக்குப் பின்னால், டிரம்ஸ்காரனுக்கும் பின்னால், விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நாலு தடித்த கம்பியைச் சுண்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் யார் காதுக்கும் தனியாகப் போவதில்லை. வயிற்றுக்குத்தான் போகும். வயிற்றுக்குப் போனதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

வீட்டில் அவரும் அவர் சம்சாரம் இலஞ்சியமும் மட்டும். பிள்ளை இல்லை. கச்சேரி இல்லாத நாளிலும் மனுஷன் வீட்டில் இருக்க மாட்டார். பட்டறைக்கு வந்து மரக்குவியல் மேல் உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அப்படி ஒரு பழக்கம்.

இலஞ்சியத்துக்குக் காது போக ஆரம்பித்தது. உச்சத்தில் இருக்கிற சத்தமெல்லாம் முதலில் போயிற்று: குருவி, குக்கர் விசில், சைக்கிள் மணி. அப்புறம் பெண்பிள்ளைகள் பேச்சு. அப்புறம் ஆம்பிளைகள் பேச்சு. டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, இது மேலேயிருந்து கீழே இறங்குகிற வியாதி, கருவி வைத்தாலும் பிடிக்காது, அடியில் இருக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச காலம் தங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்குக் குத்தாலிங்கம் பட்டறைக்கு வந்து வாயைத் திறந்தார்.

"பாய், அடியில உள்ள சத்தம்தான் கடைசி வரைக்கும் நிக்குமாம்."

"சரி."

"நான் வாசிக்கது அடியில உள்ளதுதான வே."

"அதுக்கு?"

"அவ ஒரு நாளும் என் சத்தத்தைத் தனியாக் கேட்டதில்லை. கச்சேரி பார்க்க வந்தா, 'இதுல உங்க சத்தம் எது'ன்னு கேப்பா. இனிமே அது ஒண்ணுதான் கேக்கும்னா, அதாவது கேக்கணும்லா. இந்தக் கடைக் கிட்டார் சுண்டின உடனே செத்துருது. எனக்குச் சத்தம் நிக்கணும். மரம் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

"கரண்டுல கத்துத கிட்டாருக்கு மரம் எதுக்குவே? கம்பி ஆடுது, காந்தம் பிடிக்குது, பெட்டி கத்துது. நடுவுல மரத்துக்கு என்ன சோலி? பிளைவுட்டுல செஞ்சா என்ன, புட்டுக்குழல்ல செஞ்சா என்ன?"

"கம்பியை ரெண்டு முனையிலயும் பிடிச்சிருக்கது யாரு?"

நான் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டேன். அவரே சொன்னார்.

"மரம்லா. கம்பி ஆடுத ஆட்டத்துல ஒரு பங்கை மரம் தின்னுரும். எதைத் தின்னுது, எதைத் திருப்பிக் கொடுக்குது, அதுதான் சத்தம். காந்தத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும்."

"எடுத்துக்கிட்டுப் போம். ஆனா குறுக்க நிக்காதியும்."

அந்த மாசி முழுக்கப் பட்டறையில் வேலை கெட்டது. பலகை பலகையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் அதே கழுத்தை முடுக்கி, அதே கம்பியைக் கட்டி, அதே காந்தத்தைப் பொருத்தி, இலஞ்சியத்தை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எலும்பு வழியாக ஏறட்டும் என்று நாடியை, மோவாயை, பலகையின் ஓரத்தில் பதித்துக்கொள்ளச் சொல்லிச் சுண்டுவார். மலைவேம்பு இலேசு, சத்தம் வாயை அகலமாகத் திறந்து வந்தது, வந்த வேகத்தில் போனது. மா மரம் சூடாகச் சொன்னது, ஆனால் சேற்றுக்குள்ளிருந்து சொன்னது. தேக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகப் பேசியது, வக்கீல் மாதிரி, அன்பில்லாமல். பலா இனித்தது, நடுச்சத்தமாக இனித்தது, வீணைக்கு ஆகும், அடிக்கு ஆகாது. ஈட்டி மரம் இரும்பு மாதிரி நறுக்கென்று ஆரம்பித்தது, உள்ளே வயிறே இல்லை. கழுத்து மரம் துவண்டால் கதை அதோடு முடிந்தது. உடம்பு கொடுத்ததைக் கழுத்தே விழுங்கிவிடும் என்று சொல்லி, கழுத்தை மட்டும் ஈட்டியில் செதுக்கிக்கொண்டார். ஒவ்வொரு பலகைக்கும் இலஞ்சியம் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். "இல்ல" என்பாள். அல்லது "தூரத்துல லாரி போகுது" என்பாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய லாரி" என்று சேர்த்துக்கொள்வாள்.

அந்த வருஷம் என் ரம்ப மேடையை மாற்றினேன். பழைய மேடைக்கு அடியில் ஒரு மருதங்கட்டை கிடந்தது. என் வாப்பா போட்டது. பட்டறையில் அறுபட்ட ஒவ்வொரு மரத்தின் அதிர்வும் அதன் மேல்தான் இறங்கியிருக்கிறது, அது ஒரு தடவையும் முனகியதில்லை. கிரேன் வைத்துத் தூக்கி வெளியே எறிந்தோம். குத்தாலிங்கம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்தார். மறுபடி தட்டினார்.

"பாய், இதுல அறுத்துத் தாரும்."

"அது அடுப்புக்கே ஆகாது."

"அறுத்துத் தாரும்."

தந்தேன். ரம்பத்தின் பல் போயிற்று.

சித்திரைக் கொடை முடிந்து வைகாசி பிறந்த பிறகு ஒரு காலையில் அந்தக் கிட்டார் முடிந்தது. வீட்டில் வைத்து இலஞ்சியத்தின் நாடியை அதில் பதித்து, தடித்த கம்பியை ஒரு தடவை சுண்டினார். இலஞ்சியம் கண்ணைத் திறந்தாள். "இதுதானா உங்க சத்தம்?" என்றாள். அவர் தலையாட்டினார். அழுதார் என்று சொல்கிறார்கள். நான் அங்கே இல்லை. அப்புறம் உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அமர்த்தினார். கம்பி நின்றது. சத்தம் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை. கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டார். நிற்கவில்லை. சரி என்று குளிக்கப் போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஊர் செய்தது.

சத்தம் பெரிதில்லை. பேசினால் பேச்சுக்கு அடியில் போய்விடும், வாயை மூடினால் மேலே வரும். ஆற்றுப்பாலத்திலிருந்து சோதனைச்சாவடி வரைக்கும் எல்லா வீட்டிலும் ஒரே அளவுக்கு இருந்தது, கிட்டார் கிடந்த வீட்டில்கூட அதே அளவுதான். முதலில் எல்லா ஊரும் செய்கிறதை நாங்களும் செய்தோம். டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திப் பார்த்தோம், ரைஸ்மில் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தோம், குடிதண்ணீர்க் குழாயைத் தோண்டிப் பார்த்தோம், தோண்டின குழி மட்டும் மிச்சம். கடைசியில் குத்தாலிங்கம் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் கிடந்த கிட்டாரைப் பார்த்து, இதுதானா என்று கேட்டு, இதுதான் என்றதும் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அதற்கப்புறம் அது மழை மாதிரி, வெயில் மாதிரி ஆகிவிட்டது. தம்ளரில் தண்ணீர் எப்போதும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. தயிர் சீக்கிரம் உறைந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளைகள் ஆட்டாமலே தூங்கின. வயலில் பாம்பெல்லாம் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டன, அடுத்த ஊர்க்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். நாகசுரக்காரர் தன் பழைய நாகசுரத்தைப் பரணில் போட்டுவிட்டு இந்தச் சுதிக்கு ஒத்துவருகிற வேறொன்றை வாங்கினார். மாதா கோயில் ஆர்மோனியமும் அதே சுதிக்கு வந்தது, எங்கள் பள்ளிவாசல் பாங்கும் யாரும் சொல்லாமலே அதற்கு வந்தது, மீன்காரியின் கூவலும் வந்தது, கட்சிக்காரன் மைக்கும் வந்தது. தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட, ஏச்சு ஏறி ஏறி அந்தச் சுதியில் போய் உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து கச்சேரி பண்ணுகிற மாதிரி ஆகி, வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள். நானும் ரம்ப நாடாவை ஒரு சுற்று இறுக்கி அதோடு சேர்த்துக்கொண்டேன். இல்லையென்றால் பல் கூசியது.

பஸ் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரையே மறந்துபோனார்கள். "சுதி ஊரெல்லாம் இறங்கு" என்பார்கள்.

யாருமில்லாமல் இருக்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் செய்தது. மாதா கோயில் தெருவில் ரோஸ்மேரி டீச்சர் ஒரு நாள் ஜன்னல் சட்டம் அறுக்க வந்தவள், கேட்காமலே சொன்னாள்: "பக்கத்து அறையில யாரோ இருந்து, வாயை மூடிக்கிட்டு முணுமுணுக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி. போய்ப் பார்த்தா ஆள் இல்ல. பரவாயில்ல. இப்போ ரெண்டு தம்ளர் எடுத்துவச்சுத்தான் காப்பி ஆத்துதேன்." தனி ஆட்கள் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். வெளியூர் போனவர்கள் பாலத்தைத் தாண்டியதும் மார்பிலிருந்து ஒரு செங்கலை உருவிவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லி, தங்கப் போன வீட்டில் தங்காமல் திரும்பி வந்தார்கள். எனக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. காரணம் சொல்ல மாட்டேன்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஈரம் குடித்து மரம் ஊதியது, சத்தம் ஒரு இழை கீழே இறங்கியது. ஊரும் இறங்கியது. பாங்கு இறங்கியது, ஆர்மோனியத்தால் இறங்க முடியாமல் பூட்டிவைத்தார்கள், ஜனங்கள் காரணமில்லாமல் ஜன்னலருகே நின்றார்கள், கோழி முட்டையிட மறந்தது. புரட்டாசி வெயில் ஏறி மரம் காய்ந்ததும் சத்தம் பழைய இடத்துக்கு வந்தது. "ஏறிட்டு, ஏறிட்டு" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள், ஆற்றில் தண்ணீர் ஏறியதைச் சொல்கிற மாதிரி.

குத்தாலிங்கம் கச்சேரிக்குப் போவதை விட்டுவிட்டார். தேவநேசன் வந்து கத்தினான். "மாமா, எல்லாப் பாட்டையும் ஒரே சுதியில பாடுனா இந்த ஊர்ல எவன் காசு கொடுப்பான்? நீங்க பழைய கிட்டாரைத் தூக்கிட்டு வெளியூருக்காவது வாங்க." அவர் போகவில்லை. பட்டறைக்கும் வரவில்லை. சாயங்காலம் ஆனால் கம்பியில்லாத அந்தக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு இலஞ்சியத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவள் நாடியை அதன் கொம்பில் பதித்துக்கொள்வாள். "கேக்குதா?" என்று வாயை அசைப்பார். அவள் சிரிப்பாள். அப்படியே விளக்கு வைக்கிற வரைக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அவள் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

அடுத்த சித்திரை வந்தது. முப்பிடாதி அம்மன் கொடைக்குப் பந்தல்கால் நாட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் சாமியாடியும் ஊர்ப் பெரியவர்களும் கோயிலுக்குள் போய்ச் சம்மணம் போட்டு வாயைக் கட்டி உட்காருவார்கள். அம்மனுக்கு வலப்பக்கச் சுவரிலிருந்து பல்லி சொல்ல வேண்டும். சொன்னால் உத்தரவு. கால் நாட்டலாம். சொல்லாவிட்டால் அடுத்த செவ்வாய். அம்மன் கொடை முடியாமல் ஊரில் எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது. பெண் பார்க்கக் கூடாது, வாசக்கால் வைக்கக் கூடாது, நாற்றுப் பாவக்கூட யோசிப்பார்கள். இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், வாசக்கால் வைக்காவிட்டால் என் மரம் விற்காது.

அந்தச் செவ்வாய் பல்லி சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் சொல்லவில்லை. சித்திரை முடிந்து வைகாசியும் வளர்ந்தது. சாமியாடி உய்க்காட்டான் சுவரை அண்ணாந்து பார்த்தபடியே கழுத்துப் பிடித்துப் படுத்தார். பல்லி இல்லாமல் இல்லை. இருந்தது, கொழுத்ததாக, வலப்பக்கமே இருந்தது, தொண்டை மட்டும் துடித்தது. அந்தச் சத்தத்துக்குள் அது வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, ஊரில் எந்த வீட்டிலும் பல்லி சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. சாப்பாட்டுக்கு நடுவில், பேச்சுக்கு நடுவில், ஆமாம் போடுவதற்கு ஒன்று இருந்தது, அது இல்லாமல் இருந்திருக்கிறோம், கவனிக்கவில்லை.

பூக்கட்டிப் போட்டு அம்மனிடம் உத்தரவு கேட்கலாம் என்று ஒருத்தர் சொன்னார்.

"அவ பல்லி வாயாலதான் பேசுவா. இனிமே பூ வாயால பேசுன்னு நான் போய் அவளுக்குப் பாடம் எடுக்கவா? வேணும்னா நீ ஆடு, நான் பார்த்துக்கிட்டு நிக்கேன்" என்றார் உய்க்காட்டான், கழுத்தைத் திருப்பாமல்.

அப்புறம் எங்கள் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார்கள். பக்கத்து ஊருக்குப் போய் நன்றாகச் சொல்கிற பல்லியாகப் பார்த்து, பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுப் பிடித்து வந்தார்கள். டின் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. பாலத்தில் கால் வைத்ததும் நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் சொன்னது. இந்தப் பக்கம் கொண்டுவந்தால் நின்றது. அன்றைக்கு முழுக்க அந்த டின்னை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் பாலத்தில் நடந்தார்கள். லாரிகள் நின்று வழிவிட்டன.

யாரும் குத்தாலிங்கத்தை மிரட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கிட்டாரில் இலஞ்சியத்தின் காது இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். உய்க்காட்டான் மட்டும் போனார். வாசலில் நின்றே சொன்னார்.

"தம்பி, நான் கேக்க வரலை. கேக்க எனக்கு வாய் வராது. பல்லிக்கும் வரலை. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அதுதான் மிரட்டலை விட மோசம். ரோஸ்மேரி டீச்சர் மாதிரி தனி ஆட்களும் போனார்கள். சத்தம் இருக்கட்டும் என்று அவர்களும் கேட்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் குத்தாலிங்கம் ஒரு வருஷத்துக்கு அப்புறம் பட்டறைக்கு வந்தார்.

"லாரி வேணும் பாய்."

"எங்க?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம். எங்கயாவது. ஆள் இல்லாத இடமாப் பார்த்து அவளையும் இதையும் கொண்டு போயிருதேன். ஊருக்குக் கொடை நடக்கட்டும். அவளுக்கும் சத்தம் இருக்கட்டும்."

"ஆள் இல்லாத இடத்துல என்ன செய்வீரு?"

"இங்க மட்டும் என்ன செய்யுதேன்?"

சரி என்றேன். காலையில் லாரியோடு போனேன். கட்டில், அடுக்குப்பானை, ஒரு டிரங்குப் பெட்டி, எல்லாம் வாசலுக்கு வந்திருந்தது. கிட்டாரை ஒரு போர்வையில் சுற்றி மேலே வைத்திருந்தார். இலஞ்சியம் வாசல் நடையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

அவர் அவள் முன்னால் குத்தவைத்து, வாயைப் பெரிதாக அசைத்து, "போலாம்" என்றார்.

"எதுக்கு?" என்றாள்.

அவர் போர்வையைக் காட்டினார். காதைக் காட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட. எனக்கு அது கேக்கல."

காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

குத்தாலிங்கம் அப்படியே குத்தவைத்தபடி இருந்தார்.

"எப்போலேர்ந்து?" என்று வாயை அசைத்தார்.

"போன சாரல்லயே. அது கீழ இறங்கிச்சுல்லா, அப்படியே என்னை விட்டு இறங்கிட்டு. அப்புறம் ஏறிட்டுன்னு எல்லாரும் வாயசைச்சாவ. எனக்கு ஏறல."

"நாடியை வச்சுட்டுச் சிரிச்சியே."

"கட்டை நடுங்குதது தெரியும். சத்தம் தெரியாது."

"ஏன் சொல்லல?"

நான் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவிய."

அவர் எழுந்தார். சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். போர்வையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு பட்டறையைப் பார்த்து நடந்தார். லாரியில் ஏறும் என்றேன், ஏறவில்லை. வெறும் லாரியை அவர் நடைக்கு உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் கூட வரவில்லை. உய்க்காட்டான் மட்டும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், சாமி போகிற போது கட்டுகிற மாதிரி.

ரம்பத்தைப் போட்டேன். கிட்டாரை நீளவாக்கில் வைத்தேன், பலகையை எப்போதும் அப்படித்தான் வைப்பது.

"நீளமா அறுக்காதியும். ரெண்டாப் போகும், ரெண்டும் பாடும். குறுக்க அறும். நார் அறணும்."

திருப்பி வைத்தேன். அவரே இரண்டு கையாலும் தள்ளினார். என் ரம்பம் அந்தச் சுதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அறுபடுகிற போது எது மரத்தின் சத்தம், எது ரம்பத்தின் சத்தம் என்று தெரியவில்லை. துண்டு கீழே விழுந்தது. சுவிட்சை அணைத்தேன். ரம்பம் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. அதோடு எல்லாம் நின்றது.

அந்த மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை. தெருவில் ஒவ்வொருத்தருக்கும் தன் மூச்சு கேட்டது, தன் செருப்பு கேட்டது, தன் வீடு எவ்வளவு பெரிது என்று கேட்டது. மாதா கோயில் தெருவில் யாரோ தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் என் பட்டறை வரைக்கும் வந்தது.

அப்புறம் பல்லி சொன்னது. முதலில் என் பட்டறை உத்தரத்தில். பிறகு பக்கத்து டீக்கடையில். பிறகு தெரு தெருவாக, ஓடு ஓடாக, ஒரு வருஷம் தொண்டையில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஊர்ப் பல்லிகள் மொத்தமும் சொல்லித் தீர்த்தன. வலப்பக்கமா இடப்பக்கமா என்று யாரும் பார்க்கவில்லை. கோயில் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது. உத்தரவு கிடைத்துவிட்டது.

குத்தாலிங்கம் இரண்டு துண்டையும் எடுத்து என் கழிவுமரக் குவியலில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். போய்விட்டார்.

கொடை அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் நடந்ததில்லை. கால் நாட்டினார்கள், காப்புக் கட்டினார்கள், நையாண்டி மேளம் வந்தது, வில்லுப்பாட்டு வந்தது. தொங்கி நின்ற கல்யாணமெல்லாம் கொடை முடிந்த கையோடு பேசி முடிந்து, என் வாசக்கால் மரம் பூராவும் விற்றுப்போனது. கடைசி நாள் சாயங்காலம் தேவநேசனின் மெல்லிசை. தேவநேசன் யாரிடமோ கேட்டு ஒரு பேஸ் கிட்டார் கொண்டுவந்திருந்தான். மேடையில் ஊர்ப் பெரியவர்கள் சால்வையோடு காத்திருந்தார்கள். குத்தாலிங்கம் வரவில்லை. என்னைப் போய் அழைத்துவரச் சொன்னார்கள். நான் சொன்னால் கேட்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறான். தேவநேசனும் கூடவே வந்தான்.

வீடு திறந்திருந்தது. இலஞ்சியம் நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவர். மடியில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார். தெருக்கோடியில் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அவருக்குக் கேட்டது, முகத்தில் தெரிந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் வாசலில் எங்களைப் பார்த்தாள். தேவநேசன் தோளில் தொங்கிய கிட்டாரையும் பார்த்தாள். ஆய்ந்த கீரையைத் தட்டோடு ஓரமாக நகர்த்தி, அவர் எழுந்து போக வழிவிட்டாள்.

"மாமா, உங்களுக்குத்தான் நிக்காங்க. ஊரே நிக்குது. ஒரே ஒரு பாட்டு. வாங்க" என்றான் தேவநேசன்.

குத்தாலிங்கம் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். எனக்கு எதுக்கு?

அவர் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தார். அவருக்கு ஆயத் தெரியாது. தண்டையும் இலையையும் சேர்த்துக் கிள்ளினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியில்லை என்று சொல்லவில்லை.

நான் தேவநேசனின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"நடடே" என்றேன்.